சோளத்தட்டைத் தண்ணீரும் பாதிக் களையும்



சோளத்தட்டையை ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தால் கோரையும் சாரணையும் வேரோடு போய்விடும், இனி களைக்கொல்லியே வேண்டாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னிடம் படித்து இப்போது சொந்த நிலத்தில் பாடுபடும் சிலர் அதை எனக்கே அனுப்பி, "சார், இதை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். களை எடுக்க ஆள் கிடைக்காத காலம். கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. மருந்து வாங்கினால் அதற்கொரு செலவு, அடித்த பிறகு கண் எரிச்சல், கை எரிச்சல். இந்த நிலையில் ஒருவர் அந்தச் செய்தியை நம்பிக் கைக்களையை நிறுத்திவிட்டால் போவது ஒரு போக விளைச்சல். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் வரலாற்று ஆசிரியன். எதையும் அதன் பிறப்பிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

அவசரக்காரர்களுக்காகச் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியில் பாதி உண்மை. அந்தப் பாதியை உறுதி செய்ய மனிதர்களுக்கு ஏறக்குறைய 2,300 ஆண்டுகள் ஆயின. பாதியை முழுசு என்று சொன்னபோதெல்லாம் இந்த அறிவு பின்னுக்குப் போனது. பாதியைப் பாதி என்றே சொன்னவர்களால்தான் அது வயலுக்கு வந்தது.

கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், கி.மு. 300 வாக்கில் செடிகொடிகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். கொண்டைக்கடலை விதைத்த நிலத்தில் களைகள் அழிகின்றன, அதிலும் நெருஞ்சி எல்லாவற்றுக்கும் முன்னால் அழிகிறது என்பது அவர் குறிப்பு. கூடவே, கொண்டைக்கடலை நிலத்தின் வலுவையும் வாங்கிவிடும் என்றும் எழுதினார். நன்மையையும் கெடுதலையும் ஒரே மூச்சில் சொன்ன நேர்மையைக் கவனியுங்கள். அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானியர் பிளினி, வால்நட் மரத்தின் நிழல் மற்ற செடிகளுக்கு ஆகாது என்று எழுதினார். நம் ஊரிலும் புளியமரத்தடியில் எதுவும் செழிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? எல்லா நாட்டு உழவர்களும் கண்ணால் கண்டதுதான் இது.

கண்டது சரி. காரணம் எது? மரத்தடியில் செடி வளரவில்லை என்றால் வெயில் கிடைக்காததால் இருக்கலாம். மரம் தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொண்டதால் இருக்கலாம். அல்லது மரம் ஏதோ ஒன்றை வெளியே விட்டு மற்றதை அடக்குவதாலும் இருக்கலாம். பங்கு போட்டுத் தின்பது வேறு, பக்கத்து இலையில் விஷம் வைப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அடுத்த 2,000 ஆண்டுகளின் சிக்கல்.

1832-ல் சுவிட்சர்லாந்தின் பெரிய தாவரவியலாளர் அகஸ்டின் டி கண்டோல், செடிகள் வேர் வழியாகக் கழிவை வெளியேற்றுகின்றன, அதுதான் பக்கத்துச் செடியையும் அடுத்த பயிரையும் கெடுக்கிறது என்று எழுதினார். பயிர் சுழற்சி ஏன் தேவை என்பதற்கும் அதையே காரணமாகச் சொன்னார். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டிய சோதனைகளை மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. பிடுங்கி நீரில் வைத்த செடியின் வேர் காயப்பட்டிருந்தால் சாறு வழியத்தானே செய்யும் என்று கேட்டார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் லீபிக்கின் வேளாண் வேதியியல் எழுந்தது. பயிர் நலிந்தால் சத்துக் குறைவு, உரம் போடு என்ற விளக்கம் எளிமையாகவும் பயன் தருவதாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் வேர்க்கழிவே காரணம் என்ற பெரிய கூற்று சாய்ந்தபோது, அதற்குள் இருந்த சிறிய உண்மையும் சேர்ந்தே புதைந்துபோனது.

அதைத் தோண்டி எடுத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஸ்பென்சர் பிக்கரிங். வோபர்ன் என்ற இடத்தில் பழத்தோட்ட ஆராய்ச்சி செய்தவர். ஆப்பிள் மரத்தைச் சுற்றிப் புல் வளர்ந்தால் மரம் நலிவதை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். உரம் போட்டும் தண்ணீர் விட்டும் நலிவு முழுவதும் தீரவில்லை. கடைசியில் அருமையான ஒரு வழி செய்தார். அடியில் துளையிட்ட தட்டுகளில் மண் நிரப்பிப் புல் வளர்த்து, அவற்றைச் செடியிருந்த தொட்டியின் மேல் வைத்தார். புல்லின் வேர் தொட்டிக்குள் இறங்காது. அதனால் கீழே உள்ள சத்தைத் திருட முடியாது. ஆனால் தட்டில் ஊற்றிய தண்ணீர் புல்வேரைக் கழுவிக்கொண்டு கீழே வடியும். அப்படி இருந்தும் கீழே இருந்த செடி நலிந்தது. பங்குச் சண்டையையும் விஷத்தையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிமையான சோதனையை நான் படித்ததில்லை. 1917-ல் அதை விரிவாக வெளியிட்டார்.

வால்நட் மரத்தின் வழக்கும் சீக்கிரமே தீர்ந்தது. 1925-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மாஸி என்பவர், கறுப்பு வால்நட் மரத்தின் வேர் எட்டும் தூரம் வரை தக்காளிச் செடிகள் வாடுவதைப் பதிவு செய்தார். 1928-ல் டேவிஸ் என்பவர் அதற்குக் காரணமான பொருளை ஜுக்லோன் என்று அடையாளம் காட்டினார். பிளினி எழுதிய குற்றப்பத்திரிகைக்கு ஏறத்தாழ 1,850 ஆண்டுகள் கழித்துச் சாட்சி கிடைத்தது.

இந்த இயலுக்குப் பெயர் வைத்தவர் வியன்னாவின் ஹான்ஸ் மோலிஷ். ஒரு செடி விடும் பொருளால் இன்னொரு செடி பாதிக்கப்படுவதற்கு 1937-ல் 'அல்லெலோபதி' என்று பெயரிட்டார். ஒன்றால் ஒன்றுக்கு நேரும் பாடு என்ற பொருளில் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது அது. ஆப்பிள் பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துச் செடிகளை என்ன செய்கிறது என்பதே அவர் செய்த முக்கியமான சோதனை. இந்த மோலிஷ் நம் நாட்டுக்கும் வந்தவர். 1928-29-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸின் ஆராய்ச்சி நிலையத்தில் தங்கி வேலை செய்தார். செடிக்கும் உணர்வு உண்டு என்று வாதாடியவரின் வீட்டு விருந்தாளி, சில ஆண்டுகளில் செடிகளின் சண்டைக்குப் பெயர் சூட்டினார். அந்த ஆண்டே காலமானார்.

பெயர் கிடைத்த நேரம் சரியில்லை. 1940களில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. ஒரு முறை அடித்தால் அகன்ற இலைக் களைகள் சுருண்டு மடியும்போது, செடிச்சாற்றை யார் தேடுவார்கள்? கால் நூற்றாண்டு அந்த மயக்கம் நீடித்தது. பிறகு களைகள் பதில் சொல்லத் தொடங்கின. 1970-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து சிமசின் என்ற மருந்துக்கு மடியாத ஒரு களை பற்றிய அறிக்கை வந்தது. 1990களின் தொடக்கத்தில் நம் ஹரியானாவில் கோதுமை வயல்களை மூடிய குல்லி டண்டா என்ற புல், அதுவரை அதைக் கட்டுப்படுத்திவந்த ஐசோபுரோட்டூரானுக்கு அசையாமல் நின்றது. பச்சைக் கோதுமைப் பயிரையே மாட்டுக்கு அறுத்துப் போட்ட உழவர்கள் உண்டு.

மருந்தின் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்ட அந்த இடைவெளியில்தான் பயிர்களின் சொந்தச் சக்தி மீண்டும் நினைவுக்கு வந்தது. 1974-ல் அமெரிக்காவின் பட்னம், டியூக் இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: காட்டில் தனியாகப் போராடிய பயிர்களுக்கு இந்தச் சக்தி இருந்து, நாம் களையெடுத்துச் செல்லமாக வளர்த்ததில் அது தொலைந்துபோயிருக்குமோ? உலகெங்கும் சேகரித்த 526 வெள்ளரி வகைகளைச் சோதித்தார்கள். ஒரு வகை, பக்கத்தில் வளர்த்த செடிகளின் வளர்ச்சியை 87 சதவீதம் அடக்கியது. இன்னும் 25 வகைகள் பாதிக்கு மேல் அடக்கின. 526-ல் இத்தனைதான். வெள்ளரி என்றாலே களையை அடக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த வகைக்கு உண்டு, அந்த வகைக்கு இல்லை என்றார்கள். நம் வாட்ஸ்அப் செய்தி எந்தச் சோளம் என்று சொல்லவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் குன்றுகளில் நறுமணமுள்ள சேஜ் வகைப் புதர்களைச் சுற்றி ஓரிரு மீட்டர் அகலத்துக்குப் புல் முளைக்காத வளையம் இருக்கும். 1964-ல் முல்லரும் அவர் குழுவினரும், புதரிலிருந்து வரும் வாசனை ஆவிகளே புல்லைத் தடுக்கின்றன என்று வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்த ஆவி விதை முளைப்பதைத் தடுத்தது உண்மை. படம் அழகு, விளக்கம் அழகு, பாடப்புத்தகங்களுக்குப் போய்விட்டது. 1970-ல் பார்த்தலோமியூ என்ற ஆய்வாளர் அந்த வெற்று வளையத்தில் கம்பிவலைக் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்தார். எலியும் முயலும் நுழைய முடியாத அந்தக் கூண்டுகளுக்குள் புல் வளர்ந்தது. புதரில் ஒளிந்திருந்த பிராணிகள் பருந்துக்குப் பயந்து தூரம் போகாமல் வாசலிலேயே மேய்ந்துவிட்டுப் போயிருக்கின்றன! ஆவிக்குப் பங்கே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் நடந்தது வயலிலும் அப்படியே நடக்கும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

இப்போது சோளத்துக்கு வருவோம். சோளம் அறுத்த நிலத்தில் அடுத்த பயிர் சோர்ந்து நிற்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1986-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நெட்ஸ்லி, பட்லர் இருவரும் சோள வேர்த்தூவிகளில் எண்ணெய்ப் பசையுள்ள சிறு சொட்டுகள் சுரப்பதை விவரித்தார்கள். அதில் உள்ள முக்கியப் பொருளுக்குச் சோர்கோலியோன் என்று பெயர். களைச்செடியின் இலைக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் சங்கிலியில் ஓரிடத்தை அது அடைத்துவிடுகிறது. மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின் மருந்தும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. ஆனால் சோர்கோலியோன் தண்ணீரில் எளிதில் கரையாது. தட்டையை ஊறவைத்தால் தண்ணீரில் இறங்குபவை பெரும்பாலும் வேறு பொருள்கள், பீனாலிக் அமிலங்கள் என்ற வகை. விதை முளைப்பதையும் வேர் நீள்வதையும் தடுப்பவை அவை.

அந்தத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவந்தது பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகம். சாஹித் அதா சீமாவும் அவருடன் வேலை செய்தவர்களும் அதற்குச் 'சோர்காப்' என்று பெயர் வைத்தார்கள். பாரசீகத்தில் 'ஆப்' என்றால் தண்ணீர். ஐந்து ஆறு ஓடும் நாட்டுக்குப் பஞ்சாப் என்று பெயர் வந்ததும் அதே சொல்லால்தான். அங்கே கோடையில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம், குளிர்காலத்தில் கோதுமை. தட்டை கையிலேயே இருக்கிறது. முதிர்ந்த சோளத்தட்டையைச் சிறிதாக நறுக்கி, ஒரு பங்கு தட்டைக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினார்கள். பின்னாளில் அதைக் காய்ச்சி இருபதில் ஒரு பங்காகச் சுண்டவைக்கும் முறையும் வந்தது.

2000-ஆம் ஆண்டில் சீமாவும் காலிக்கும் வெளியிட்ட முடிவு இதுதான்: சோர்காப் தெளித்த கோதுமை வயலில் களையின் எடை 35 முதல் 49 சதவீதம் குறைந்தது, கோதுமை விளைச்சல் 10 முதல் 21 சதவீதம் கூடியது. விதைத்து 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் தெளிப்பது கட்டுப்படியான முறையாகத் தெரிந்தது. கவனியுங்கள், மிக நல்ல பலன் கிடைத்த இடத்திலும் பாதிக் களை நின்றது. அவர்கள் அதை மறைக்கவில்லை. பாதிதான் என்று ஒத்துக்கொண்டதால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது: மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம்? சூரியகாந்தி, கடுகு இனச் செடிகளின் சாற்றைச் சோளச் சாற்றோடு கலந்து பார்த்தார்கள். களைக்கொல்லியின் அளவைப் பாதி, சில சோதனைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்து, கூடவே சாற்றையும் தெளித்துப் பார்த்தார்கள். பல சோதனைகளில் முழு அளவு மருந்துக்குப் பக்கத்தில் பலன் வந்தது. பருத்தி வயலின் கோரைக்குச் சாறு மட்டும் போதாது என்பதால் இந்தக் கூட்டு முறையையே நாடினார்கள். பாதி மருந்து மிச்சம் என்றால் உழவனின் பணத்தில் மிச்சம், தெளிப்பவனின் உடம்பில் மிச்சம், மண்ணில் மிச்சம்.

இதே அறிவு இன்னொரு வழியிலும் போனது. 1977-ல் கலிபோர்னியாவில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த ரீட் கிரே என்பவர், பாட்டில் பிரஷ் மரத்தடியில் களை குறைவாக இருப்பதைக் கவனித்தார். அந்த மரத்தின் பொருள் களையை வெளிற வைத்துக் கொன்றது. ஆனால் அப்படியே பயன்படுத்த மிக அதிகம் தேவைப்பட்டது. வேதியியலார் அதன் அமைப்பை மாற்றிக் கூர்தீட்டியதன் முடிவில் வந்தது மெசோட்ரியோன். 2001-ல் சின்ஜென்டா நிறுவனம் அதைக் காலிஸ்டோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு வழியில் செடியின் ரகசியம் புட்டிக்குள் போனது, இன்னொரு வழியில் உழவனின் அண்டாவிலேயே தங்கியது. அண்டாவில் இருப்பதன் வலு குறைவு. ஆனால் அதை யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

சாறு ஏன் பாதியோடு நிற்கிறது? இந்தப் பொருள்கள் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு உணவு, சில நாள்களில் தின்று தீர்த்துவிடும். சிறிய விதையுள்ள களைகள் எளிதில் அடங்கும், பெரிய விதைக்கு உள்ளே கையிருப்புச் சத்து உண்டு. கோரைக்கோ மண்ணுக்குள் கிழங்கே இருக்கிறது. மேலும் செடிச்சாறு என்பதால் அது நல்லதையே செய்யும் என்று நினைக்காதீர்கள். களை விதையைத் தடுப்பது உங்கள் விதையையும் தடுக்கும். சோள வேர் விடும் சில பொருள்களோ நேர் எதிராக வேலை செய்கின்றன. மண்ணில் தூங்கும் சுடுமல்லி விதையை எழுப்பி, தன் வேரிலேயே ஒட்டிக்கொள்ளச் செய்கின்றன. இயற்கைக்கு நம்மோடு ஒப்பந்தம் ஏதும் இல்லை.

ஆகவே, கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இது. செய்து பாருங்கள், ஆனால் முழு நிலத்தில் வேண்டாம். முதலில் வீட்டில் ஈரத்துணியில் உங்கள் பயிர் விதையையும் களை விதையையும் சாறு விட்டும் வெறும் தண்ணீர் விட்டும் முளைக்க வையுங்கள். உங்கள் விதை தாங்கினால், வயலில் மூன்று பாத்தி ஒதுக்குங்கள். ஒன்றில் எதுவும் தெளிக்க வேண்டாம். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் சாறு. முப்பது நாள் கழித்து மூன்றிலும் களையைப் பிடுங்கி எடை போடுங்கள். வெறும் தண்ணீர்ப் பாத்தியை விட்டுவிடாதீர்கள், உண்மையைச் சொல்லப்போவது அதுதான். கைக்களையை நிறுத்த வேண்டாம், சாறு பலித்தால் இரண்டு களை ஒரு களையாகலாம். மருந்தின் அளவைக் குறைத்துச் சாற்றோடு கலப்பதை மட்டும் வேளாண் அலுவலரைக் கேட்காமல் நீங்களாகச் செய்யாதீர்கள். அரைகுறை அளவு மருந்தில் பிழைக்கும் களை அடுத்தடுத்த தலைமுறையில் வலுத்துக்கொள்ளும் என்பதை ஆஸ்திரேலியாவில் ரை புல்லை வைத்துச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

எடை போட்டதும் எண்ணை எனக்கு அனுப்புங்கள். இருபது என்றால் இருபது, நாற்பது என்றால் நாற்பது. பூஜ்யம் வந்தாலும் அதையே அனுப்புங்கள். தியோபிராஸ்டஸ் காலத்திலிருந்து இந்தக் கதை நகர்ந்தது அப்படி உள்ளதை உள்ளபடி எழுதியவர்களால்தான். உங்கள் வயலின் எண் எதுவாக இருந்தாலும், உங்களுக்கு அடுத்து விதைக்கப்போகிறவருக்கு அது உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்